வலி இல்லாத பெண்ணின் சி.டி. படத்தில் சினைப்பைச் சிரை பின்னோட்டம்: பார்ப்பதும் அளப்பதும் எழுதுவதும்

அந்த அறிக்கைத் தாள் நான்காக மடிக்கப்பட்டிருந்தது. பலமுறை பிரித்துப் பிரித்துப் படித்ததில் மடிப்புகள் நைந்துபோயிருந்தன. கடைசிப் பத்தியில் ஒரு வரிக்குக் கீழே சிவப்பு மையால் யாரோ இரண்டு முறை கோடு இழுத்திருந்தார்கள். "டாக்டர், எனக்கு ஒரு வலியும் கிடையாது. இந்த நோய் எனக்கு எப்போது வந்தது?" என்று கேட்டார் அந்தப் பெண். வயது 41, மூன்று பிள்ளைகளின் தாய். தம்பிக்குச் சிறுநீரகம் கொடுப்பதற்காகப் பரிசோதனைக்கு வந்தவர். நான் எழுதிய அந்த ஒரு வரியால் அறுவைச் சிகிச்சைத் தேதி தள்ளிப்போயிருந்தது. அடுத்து அவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது: "அப்படியானால் தம்பிக்கு நான் கொடுக்க முடியாதா?"

நான் எழுதியிருந்தது இது: "இடது சினைப்பைச் சிரை விரிந்து, பின்னோட்டத்துடன் காணப்படுகிறது. இடுப்புச் சிரைத் தேக்க நோய்." முதல் வாக்கியம் கண்ணால் கண்டது; மேலே போக வேண்டிய இரத்தம் திரும்பிக் கீழே இறங்குவதுதான் பின்னோட்டம். இரண்டாவதை எழுத எனக்கு எந்த ஆதாரமும் இருக்கவில்லை. நோய் என்று சொல்ல நோவு வேண்டும். அவரிடம் நோவு இல்லை. அது இருக்கிறதா என்று நான் கேட்கவும் இல்லை.

அதற்குப் பிறகு 19 ஆண்டுகளாக இந்தச் சிரையை நிதானமாகப் பார்த்து வருகிறேன். சி.டி. படங்களை வாசிக்கப் புதிதாக வந்திருக்கும் இளம் மருத்துவர்களுக்காக இதை எழுதுகிறேன். கையில் இப்படியொரு அறிக்கையை வைத்துக்கொண்டு கலங்கி நிற்கும் பெண்களும் படிக்கலாம். அவர்களுக்கான பகுதி பின்னால் வருகிறது.

ஏன் இடப்பக்கம்?

சினைப்பையிலிருந்து இரத்தத்தை மேலே கொண்டுபோகும் சிரை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடிவதில்லை. வலது சிரை கீழ்ப்பெருஞ்சிரையில் (உடலின் கீழ்ப்பாதி இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் பெரிய சிரை), வலது சிறுநீரகச் சிரைக்குச் சற்றுக் கீழே, சாய்வாகச் சென்று சேர்கிறது. இடது சிரையோ இன்னும் உயரம் ஏறி, இடது சிறுநீரகச் சிரையில் ஏறத்தாழச் செங்கோணத்தில் போய் முட்டுகிறது. அந்த இடது சிறுநீரகச் சிரைக்கும் ஒரு நெருக்கடி உண்டு. முன்னால் மேல் குடல்தமனி, பின்னால் பெருந்தமனி, இரண்டுக்கும் இடையில் நுழைந்துதான் அது கீழ்ப்பெருஞ்சிரையை அடைய வேண்டும். அங்கே அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் அதைத் தாங்க வேண்டியது கீழே தொங்கும் இடது சினைப்பைச் சிரைதான்.

இரத்தம் கீழே இறங்காமல் தடுக்க வால்வுகள் உண்டு. ஆனால் எல்லோருக்கும் இல்லை. இடது சிரையில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினருக்கும், வலது சிரையில் ஏறத்தாழ 6 விழுக்காட்டினருக்கும் வால்வே இருப்பதில்லை என்று உடற்கூற்று ஆய்வுகள் காட்டின. வால்வு இருப்பவர்களுக்கும் கர்ப்பகாலம் ஒரு சோதனை. கருப்பைக்குப் போகும் இரத்தம் பல மடங்கு கூடுவதால் அது திரும்பிவரும் சிரையும் விரிந்தாக வேண்டும். விரிந்த சிரையில் வால்வின் இதழ்கள் ஒன்றையொன்று எட்டுவதில்லை. பேறுகாலம் முடிந்து சிரை சுருங்கினாலும் பலருக்குப் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. பிள்ளை பெற்ற உடலில் அந்த வேலையின் தடம் இருக்கிறது, அவ்வளவுதான். இதை மனத்தில் இருத்திக்கொண்டு படத்தைத் திறந்தால் பாதித் தவறுகள் குறையும்.

சிறுநீரகம் கொடுக்க முன்வந்த, நோயில்லாத பெண்களின் சி.டி. படங்களை ஆராய்ந்து 2001-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் விரிந்த, பின்னோட்டமுள்ள சினைப்பைச் சிரை காணப்பட்டது. பிள்ளை பெற்றவர்களிடம் அது மிகுதி, பெறாதவர்களிடம் அரிது. அந்தப் பெண்ணுக்கு அறிக்கை எழுதும் முன் இதை நான் படித்திருக்க வேண்டும்.

முதலில் நேரத்தைப் பாருங்கள்

சிரையைத் தேடும் முன் ஒரு கேள்வி: இந்தப் படம் சாயமருந்து செலுத்திய எத்தனையாவது நொடியில் எடுக்கப்பட்டது? பின்னோட்டத்தைச் சி.டி.யில் சொல்ல முடிவதே இந்த நேரக்கணக்கினால்தான். ஒரு படம் உறைந்த கணம். இரத்தம் எந்தத் திசையில் போகிறது என்று அது நேரடியாகச் சொல்லாது. திசையை நாம் ஊகிக்க வேண்டும். ஊகிக்க உதவுவது சாயமருந்து எங்கே முதலில் வந்திருக்கிறது என்பது.

கையில் செலுத்திய மருந்து இதயத்தைக் கடந்து பெருந்தமனிக்கு வருகிறது. இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. போன வேகத்தில் திரும்பியும் விடுகிறது. அதனால் 30 முதல் 35 நொடிக்குள் எடுக்கும் தமனிக் கட்டப் படத்தில் சிறுநீரகச் சிரைகள் ஏற்கெனவே வெண்மையாக ஒளிர்கின்றன. கால்களிலிருந்தும் இடுப்பிலிருந்தும் வர வேண்டிய இரத்தத்தில் அப்போது மருந்து கலந்திருக்காது. சிறுநீரகங்களுக்குக் கீழே உள்ள கீழ்ப்பெருஞ்சிரை சாம்பல் நிறமாகவே கிடக்கும்.

இந்த நிலையில் இடது சினைப்பைச் சிரை வெண்மையாக இருந்தால் அந்த வெண்மை எங்கிருந்து வந்தது? கீழேயிருந்து வந்திருக்க வழியில்லை. மேலே, இடது சிறுநீரகச் சிரையிலிருந்து இறங்கியிருக்கிறது. இதுதான் பின்னோட்டம்.

மாறாக, 70 நொடிவாக்கில், குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரை ஒளிரும்போது எடுக்கும் போர்ட்டல் கட்டப் படம் மட்டும் உங்களிடம் இருந்தால் "பின்னோட்டம்" என்ற சொல்லைத் தொடாதீர்கள். அந்த நேரத்தில் சினைப்பையிலிருந்து முறையாக மேலேறும் இரத்தத்திலும் மருந்து வந்துவிட்டிருக்கும். சிரை விரிந்திருக்கிறது என்று அளவோடு எழுதலாம். திசையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. இந்த ஒரு விதியை மட்டும் கடைப்பிடித்தாலே பல பெண்கள் தேவையில்லாமல் அலைவது நிற்கும்.

சிரையைப் பின்தொடர்வது

இடது சிறுநீரகச் சிரையில் தொடங்குங்கள். பெருந்தமனிக்கு இடப்பக்கம், அதன் கீழ்ச் சுவரிலிருந்து ஒரு குழாய் இறங்குவது தெரியும். அதைக் கண்ணால் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு குறுக்குவெட்டாகக் கீழே வாருங்கள். முதுகெலும்பை ஒட்டி இறங்கும் சோவாஸ் தசையின் மேல் அது ஊர்ந்து போகும். பக்கத்திலேயே சிறுநீர்க்குழாய் வரும். மேல்பகுதியில் சிரை உட்பக்கமாகவும் சிறுநீர்க்குழாய் வெளிப்பக்கமாகவும் இருக்கும். பாதி வழியில் சிரை சிறுநீர்க்குழாயின் முன்னால் குறுக்காகக் கடந்து வெளிப்பக்கம் போய்விடும். இந்தக் கடத்தலைப் பார்த்துவிட்டீர்கள் என்றால் நீங்கள் பின்தொடர்வது சரியான குழாய்தான். பார்க்காவிட்டால் நின்று, மறுபடி மேலே போய்த் தொடங்குங்கள்.

இடப்பக்கத்தில் ஏமாற்றும் இன்னொரு குழாய் கீழ்க் குடல்சிரை. அதுவும் நெடுக்காக, ஏறத்தாழ அதே பகுதியில்தான் போகிறது. ஆனால் மேலே போகப் போக அது சிறுநீரகச் சிரையில் சேராமல், கணையத்துக்குப் பின்னால் மண்ணீரல் சிரையை நோக்கிப் போய்விடும். பயிற்சி மருத்துவர்கள் அதைச் சினைப்பைச் சிரை என்று அளந்து எழுதியதை நான் ஒரு தடவைக்கு மேல் திருத்தியிருக்கிறேன். இரு முனைகளையும் பார்க்காமல் எந்தக் குழாய்க்கும் பெயர் வைக்காதீர்கள்.

அந்த 41 வயதுப் பெண்ணின் படத்தை இப்போதும் பாடம் சொல்லும்போது திறந்து காட்டுவேன், பெயரை நீக்கிவிட்டு. திரையில் சிறு வட்டங்கள் வரைந்து அடர்த்தியை அளந்து காட்டுவேன். இடது சிறுநீரகச் சிரையில் 182 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு. சினைப்பைச் சிரையின் மேல்பகுதியில் 176. சோவாஸ் தசையின் நடுப்பகுதியில் 158. இடுப்புக் குழிக்குள் நுழையும் இடத்தில் 121. சிறுநீரகங்களுக்குக் கீழே, கீழ்ப்பெருஞ்சிரையில் 44, அதாவது மருந்து கலக்காத வெறும் இரத்தத்தின் அளவு. மேலிருந்து கீழாக எண்கள் படிப்படியாகக் குறைவதைக் கவனியுங்கள். ஊற்று மேலே இருக்கிறது, ஓடை கீழே போகப் போகத் தேய்கிறது. கண்ணால் பார்த்து முடிவு செய்வதைவிட இந்த ஐந்து வட்டங்களை வரைவது நல்லது. ஒரு நிமிடம்கூட ஆகாது.

பிறகு அந்த வெண்மை எதுவரை போகிறது என்று பாருங்கள். 2004-இல் அறிகுறியற்ற பெண்களின் சி.டி. படங்களைக் கொண்டு வெளியான ஆய்வொன்று இதை மூன்று படிகளாகப் பிரித்தது. சாயமருந்து இடது சினைப்பைச் சிரைக்குள்ளேயே நின்றுவிட்டால் முதல் படி. கருப்பையின் இடப்பக்கச் சிரைப்பின்னல் வரை இறங்கினால் இரண்டாம் படி. கருப்பையைக் குறுக்கே கடந்து வலப்பக்கச் சிரைகளையும் நிரப்பினால் மூன்றாம் படி. நான் இதைப் பயன்படுத்துகிறேன், ஒரு எச்சரிக்கையோடு. இப்போதுள்ள வேகமான கருவிகள் வயிறு முழுவதையும் சில நொடிகளில் படமெடுத்து முடிக்கின்றன. பின்னோக்கி இறங்கும் இரத்தமோ மெதுவாகத்தான் ஊர்கிறது. கருவி இடுப்பை எட்டியபோது மருந்து பாதி வழியில் இருந்திருக்கலாம். இன்னும் பத்து நொடி கழித்து எடுத்திருந்தால் முதல் படி இரண்டாம் படியாகியிருக்கும். பெண் மல்லாந்து படுத்திருக்கிறார், நிற்கும்போது கூடும் பின்னோட்டம் படுக்கையில் குறையும். ஆகவே இந்தப் படியை நோயின் கடுமையாக எண்ண வேண்டாம். அந்த நொடியில் மருந்து எட்டிய தூரம், அவ்வளவே.

அளவெடுப்பது

சிரை வளைந்து நெளிந்து போவதால் குறுக்குவெட்டுப் படத்தில் அது பல இடங்களில் முட்டை வடிவமாகத் தெரியும். முட்டையின் நீளத்தை அளந்தால் 6 மி.மீ. சிரை 10 மி.மீ. ஆகிவிடும். குறுகிய விட்டத்தை அளவெடுங்கள். முடிந்தால் சிரையின் போக்குக்குச் செங்குத்தாகப் படத்தைச் சாய்த்து வெட்டி அளவெடுங்கள். எந்த மட்டத்தில் அளந்தீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். நான் மூன்றாம் நான்காம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையில், சிரை நேராகப் போகும் ஓரிடத்தில் அளக்கிறேன்.

8 மி.மீ. என்ற எண் பரவலாகப் புழங்குகிறது. சினைப்பைச் சிரை 8 மி.மீ.க்கு மேல், அல்லது கருப்பையைச் சுற்றி வளைந்து நெளிந்த சிரைகள் குறைந்தது நான்கு, அவற்றில் ஒன்றாவது 4 மி.மீ.க்கு மேல் என்பது சிரைத் தேக்கத்துக்கான சி.டி. வரையறையாக எழுதப்பட்டது. வலியோடு வரும் பெண்ணுக்குப் படத்தைப் பொருத்திப் பார்க்க அது உதவும். வலி இல்லாதவருக்கு அந்த எண்களை வைத்து நோயைப் பிறப்பிக்க முடியாது. 5 மி.மீ. சிரையில் பின்னோட்டம் பார்த்திருக்கிறேன். 9 மி.மீ. சிரையில் பார்க்காமலும் இருந்திருக்கிறேன். அகலமும் திசையும் வெவ்வேறு செய்திகள். இரண்டையும் தனித்தனி வாக்கியமாக எழுதுங்கள்.

ஏமாற்றும் தோற்றங்கள்

தமனிக் கட்டத்தில் சினைப்பைச் சிரை வெண்மையாகத் தெரிந்தும் பின்னோட்டமாக இல்லாத சந்தர்ப்பம் உண்டு. கருப்பையில் இரத்தவோட்டம் மிகுந்த பெரிய நார்க்கட்டி இருக்கலாம். அண்மையில் பிரசவம் ஆகியிருக்கலாம். இடுப்பில் தமனிக்கும் சிரைக்கும் நேரடித் தொடர்பு கொண்ட கோளாறு இருக்கலாம். இப்படிப்பட்டவர்களுக்கு இரத்தம் இடுப்பு வழியாக விரைந்து திரும்பி, முறையான திசையிலேயே சிரையைச் சீக்கிரம் நிரப்பிவிடும். இங்கேதான் அந்த ஐந்து வட்டங்கள் கைகொடுக்கும். எண்கள் கீழே அதிகமாகவும் மேலே குறைவாகவும் இருந்தால் ஓட்டம் சரியான திசையில்தான் போகிறது. கருப்பையைச் சுற்றிய சிரைகள் இருபுறமும் ஒரே அளவு ஒளிர்ந்து, சினைப்பைச் சிரையின் மேல்முனை மட்டும் மங்கலாக இருந்தாலும் அப்படியே.

இன்னொன்று, இரத்தக்கட்டி என்று பயமுறுத்தும் கருமை. மருந்து கலந்த இரத்தமும் கலக்காத இரத்தமும் சந்திக்கும் இடத்தில் சிரையின் நடுவே கருந்திட்டு தெரியும். உண்மையான கட்டி என்றால் சிரை உப்பி, சுவர் தடித்து, சுற்றியுள்ள கொழுப்பு கலங்கியிருக்கும். பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் காய்ச்சலோடு வரும் பெண்ணிடம், அதிலும் வலப்பக்கத்தில், இப்படிக் கண்டால் அதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் அறிகுறியில்லாதவர் அல்லர். உடனே சிகிச்சை மருத்துவரை அழைத்துப் பேசுங்கள்.

காரணம் தேடுதல்

பிள்ளை பெற்ற பெண்ணுக்கு இடப்பக்கப் பின்னோட்டம் இருந்தால் பெரும்பாலும் தேட ஒன்றுமில்லை. ஆனாலும் மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும். இடது சிறுநீரகச் சிரை பெருந்தமனிக்கு முன்னால் எவ்வளவு நெருக்கப்பட்டிருக்கிறது? சிறுநீரக வாயிலில் உள்ள விட்டத்தை நெருக்கப்பட்ட இடத்தின் விட்டத்தால் வகுங்கள். விகிதம் 4.9-ஐத் தாண்டினால், சிரையின் நுனி பறவை அலகுபோல் கூர்ந்தும் தெரிந்தால், நட்கிராக்கர் (பாக்குவெட்டிபோல் நெருக்கும்) அமைப்பு என்று குறிப்பிடலாம். அதிலும் இதே நியாயம்தான். சிறுநீரில் இரத்தமோ விலாப்பக்க வலியோ இல்லாதவரிடம் அது ஓர் அமைப்பு, நோய்ப்பெயராகாது. சிலருக்கு இடது சிறுநீரகச் சிரை பெருந்தமனிக்குப் பின்னால் போகும். அதையும் எழுதுங்கள், அறுவை மருத்துவருக்கு மிக முக்கியம்.

எனக்கு உறுத்தல் தருபவை வேறு. பிள்ளை பெறாத பெண்ணிடம் பெரிய இடது சிரை. வலப்பக்கம் மட்டும் விரிந்த சிரை. முன்பு எடுத்த படத்தில் சாதாரணமாக இருந்து இப்போது விரிந்திருப்பது. ஒரு முறை வயது முதிர்ந்த ஒருவரின் படத்தில் விரிந்த இடது சினைப்பைச் சிரையைப் பார்த்து, வயதினால் என்று கடந்துபோக இருந்தேன். ஏதோ தோன்றி மேலே போனேன். இடது சிறுநீரகத்தில் கட்டி, அது சிறுநீரகச் சிரைக்குள் நீண்டு வழியை அடைத்திருந்தது. இரத்தம் போக வழியின்றி சினைப்பைச் சிரை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. சிறுநீரகக் கட்டி, பின்வயிற்றுக் கட்டி, கீழ்ப்பெருஞ்சிரை அடைப்பு, கல்லீரல் நோயால் போர்ட்டல் சிரையில் அழுத்தம் கூடுவது, இவை எல்லாம் இந்தச் சிரையை மாற்றுப்பாதையாக்கக் கூடியவை. அறிகுறி இல்லாதவரிடம் இந்தச் சிரை விலைமதிப்புள்ள ஒரு சேதி சொல்கிறது என்றால், பெரும்பாலும் அது தன்னைப் பற்றியதாக இருக்காது, மேலே உள்ள உறுப்பைப் பற்றியதாக இருக்கும்.

கேட்க வேண்டியதைக் கேட்டீர்களா?

"அறிகுறி இல்லை" என்று எழுதும் முன் யாராவது கேட்டிருக்க வேண்டும். வேறு காரணத்துக்காக வந்த ஸ்கேன் சீட்டில் இடுப்பு வலி பற்றி ஒரு சொல்லும் இருக்காது. அதற்கு வலி இல்லை என்று பொருளில்லை, யாரும் கேட்கவில்லை என்றுதான் பொருள். எங்கள் பிரிவில் டெக்னீஷியன் சகோதரி ஒருவர் நான்கு கேள்விகளைச் சிறு தாளில் எழுதி வைத்திருக்கிறார். நான் சைகை காட்டினால் அவர் தனியாக அழைத்துப் போய் மெதுவாகக் கேட்பார். ஆறு மாதத்துக்கு மேலாக அடிவயிற்றில் கனமோ வலியோ இருக்கிறதா? நெடுநேரம் நின்றாலோ மாலை ஆக ஆகவோ அது கூடிப் படுத்தால் குறைகிறதா? உடலுறவுக்குப் பிறகு நீண்டநேரம் வலிக்கிறதா? தொடையின் பின்பக்கமோ பிறப்புறுப்பைச் சுற்றியோ புடைத்த நரம்புகள் தெரிகின்றனவா? மூன்றாவது கேள்விக்கு ஆண் மருத்துவரிடம் "இல்லை" என்று சொன்ன பெண்கள் அந்தச் சகோதரியிடம் "ஆமாம்" என்று சொன்னதுண்டு. ஆண்டுக்கணக்கில் அந்த வலியைத் தாங்கிக்கொண்டு, இது எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான் என்று நினைத்திருந்தவர்கள் அவர்கள்.

ஒரு பதில் "ஆமாம்" என்றாலும் இந்தக் கட்டுரையின் எல்லை முடிந்தது. அவர் மகப்பேறு மருத்துவரையோ இரத்தக்குழாய் மருத்துவரையோ பார்க்க வேண்டும். வலிக்கு வேறு காரணங்கள் உண்டா என்று அவர்கள் தேடுவார்கள். ஒலியலையால் இரத்தவோட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லியும் நிற்க வைத்தும் ஓட்டத்தின் திசையை நேரடியாகவே பார்க்க முடியும்.

எழுதுவது எப்படி

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் பெண் வீட்டுக்கு எடுத்துப்போவது படத்தை அல்ல, உங்கள் வாக்கியத்தைத்தான். "இடுப்புச் சிரைத் தேக்க நோய்" என்பதை எழுதாதீர்கள். "நோயாளியின் அறிகுறிகளோடு பொருத்திப் பார்க்கவும்" என்று கேள்வியை அடுத்தவர் தலையில் போடுவதும் பொறுப்பான வேலையில்லை. நோயாளி அதை "ஏதோ இருக்கிறது, சொல்ல மாட்டேன் என்கிறார்கள்" என்றுதான் படிப்பார். நான் இப்போது எழுதும் முறை இது:

"தமனிக் கட்டத்தில் இடது சினைப்பைச் சிரையில் சாயமருந்து மேலிருந்து கீழாக இறங்கிக் கருப்பையின் இடப்பக்கச் சிரைகள் வரை செல்கிறது. குறுகிய விட்டம் 9 மி.மீ., நான்காம் இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில். கருப்பையைச் சுற்றிய சிரைகளில் பெரியது 6 மி.மீ. இடது சிறுநீரகச் சிரையில் நெருக்கமோ அடைப்போ இல்லை. சிரையில் இரத்தக்கட்டி இல்லை. கேட்டறிந்தவரை இடுப்பு வலி இல்லை. பிள்ளை பெற்ற, அறிகுறியற்ற பெண்களிடம் அடிக்கடி காணப்படும் தோற்றம். இதற்கென்று சிகிச்சையோ மறுபடி ஸ்கேனோ தேவையில்லை."

கடைசி இரண்டு வாக்கியங்களை எழுதத் தயங்குபவர்கள் உண்டு. தயங்க வேண்டாம். அவை இல்லாவிட்டால் மற்ற ஆறும் பயத்தைத்தான் தரும்.

இடுப்புச் சிரைக் கோளாறுகளுக்காக 2021-இல் வெளியான எஸ்.வி.பி. வகைப்பாட்டைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அறிகுறி, புடைத்த சிரை, உடற்செயல் கோளாறு என்ற மூன்றையும் தனித்தனியாகக் குறிக்கும் முறை அது. எனக்கு அதில் பிடித்தது, அறிகுறிக்கான வரிசை சுழியத்தில் தொடங்குகிறது என்பது. அந்தப் பெண்ணைக் குறித்தால் எஸ்0, வி2 என்று வரும். இடுப்பில் புடைத்த சிரை இருக்கிறது, அறிகுறி எதுவும் இல்லை. சிரையைப் பார்க்கும் கண்ணும் நோயைச் சொல்லும் வாயும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்பது அந்தக் குறியீட்டுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது.

செய்யக்கூடாதவை

பின்னோட்டம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டும், வலி இல்லாத பெண்ணுக்குச் சி.டி. எடுக்காதீர்கள். எடுத்த படத்தில் தமனிக் கட்டம் இல்லையே என்று திரும்பக் கூப்பிட்டுக் கூடுதல் கட்டமும் எடுக்காதீர்கள். உலகச் சராசரியில் இயற்கையிலிருந்து ஒருவருக்கு ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு சேர்கிறது. வயிறும் இடுப்பும் சேர்த்து ஒரு கட்டச் சி.டி. என்பது அதைப்போல் மூன்று நான்கு மடங்கு. விடையால் எந்த மாற்றமும் நேரப்போவதில்லை என்றால் அந்த விலையைக் கேட்கவே கூடாது. சிரைக்குள் சுருள்கம்பி வைத்து அடைக்கும் சிகிச்சையும் வலியால் அவதிப்படுகிறவருக்குத்தான். இல்லாத வலியைக் குறைக்க முடியாது.

அறிக்கையைக் கையில் வைத்திருக்கும் பெண்ணுக்கு

உங்கள் அறிக்கையில் இந்தச் சிரையைப் பற்றி எழுதியிருந்து, மேலே சொன்ன நான்கு கேள்விகளுக்கும் உங்கள் பதில் "இல்லை" என்றால், மருத்துவரிடம் இரண்டே விஷயங்கள் கேளுங்கள். "இந்தச் சிரை விரிவதற்குச் சிறுநீரகத்திலோ வேறு எங்காவதோ காரணம் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?" "பார்த்து, இல்லை என்றால், அதை அறிக்கையில் எழுதித் தருவீர்களா?" தயங்காமல் கேளுங்கள். திருத்திய அறிக்கை கேட்பது உங்கள் உரிமை. பின்னாளில் வலி வந்தால் பழைய அறிக்கையையும் எடுத்துக்கொண்டு போங்கள், அப்போது அந்த வரிக்கு வேறு மதிப்பு உண்டு.

அந்த 41 வயதுப் பெண்ணை அன்று உட்காரவைத்து, திரையைத் திருப்பி, சிரையைக் காட்டினேன். மூன்று பிள்ளைகளைச் சுமந்ததில் விரிந்த குழாய் இது, இதனால் உங்களுக்குக் கெடுதல் இல்லை என்றேன். நான் எழுதியது தவறு என்றும் சொன்னேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதை அப்படியே எழுதிக் கொடுங்கள் டாக்டர், அங்கே காட்ட வேண்டும்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். அறுவை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன். இடது சிறுநீரகத்தை எடுக்கும்போது இந்தச் சிரையைக் கட்டித் துண்டிக்க வேண்டியிருக்கும், வழக்கத்தைவிட அகலம், 9 மி.மீ., கிளிப்பை அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள் என்று. அவர் அளவை இரண்டு முறை கேட்டுக் குறித்துக்கொண்டார். நான்கு வாரம் கழித்து அறுவை நடந்தது.